மார்ஷல் தீ, 2021: புல்லில் வந்த நெருப்பு வீடுகளில் ஏறியது எப்படி

2021 டிசம்பர் 30, வியாழக்கிழமை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரத்துக்குத் தெற்கே உள்ள மார்ஷல் பகுதியில் காலை 11 மணிக்குச் சற்றுப் பிறகு காய்ந்த புல் பற்றிக்கொண்டது. மறுநாள் விடிந்தபோது லூயிஸ்வில் நகரில் 550 வீடுகள், சுப்பீரியரில் 378, நகர எல்லைகளுக்கு வெளியே 156, ஆக 1,084 வீடுகள் தரைமட்டமாகியிருந்தன. மேலும் 149 வீடுகளுக்குச் சேதம். இரண்டு பேர் உயிரிழந்தார்கள். கொலராடோ வரலாற்றில் இவ்வளவு வீடுகளை அழித்த தீ வேறு கிடையாது.

ஆனால் எரிந்த பரப்பு சுமார் 6,000 ஏக்கர்தான். அதற்கு முந்தைய ஆண்டு அதே மாநிலத்தில் எரிந்த கேமரன் பீக் காட்டுத்தீ 2 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. அதில் அழிந்த கட்டடங்கள் இதில் பாதிகூட இல்லை. பரப்பில் இவ்வளவு சிறிய ஒரு தீ எப்படி இத்தனை வீடுகளைக் கொண்டுபோனது? தீயணைப்பு வீரர்கள் எந்த இடத்தில் தோற்றார்கள், எந்த இடத்தில் ஜெயித்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. புல்வெளி முடிந்து முதல் வரிசை வீடு தொடங்கும் அந்தச் சில மீட்டர்களில்.

காற்றும் புல்லும்

அந்த ஆண்டு வசந்த காலத்தில் நல்ல மழை. புல் செழித்து வளர்ந்தது. அப்புறம் கோடையின் நடுவிலிருந்து டிசம்பர் வரை மழையும் இல்லை, பனியும் இல்லை என்று சொல்லும் அளவுக்கு வறட்சி. பக்கத்தில் உள்ள டென்வரில் அந்தப் பருவத்தின் முதல் பனி டிசம்பர் 10ஆம் தேதிதான் விழுந்தது. பதிவேடுகளில் அதைவிடத் தாமதமாக முதல் பனி விழுந்த ஆண்டு கிடையாது. வழக்கமாகப் பனியில் படுத்து, ஈரம் ஊறிக் கிடக்க வேண்டிய புல், நின்ற வாக்கில் காய்ந்து நின்றது.

மெல்லிய புல்லுக்கு ஒரு குணம் உண்டு. மரக்கட்டை காய வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகலாம். காய்ந்த புல்லோ காற்றின் ஈரத்தை ஒட்டி ஒரு மணி நேரத்துக்குள் மாறிவிடும். காலையில் பனித்துளி பட்டிருந்தாலும் உலர்ந்த காற்று அடித்தால் நண்பகலில் பற்றத் தயார். புல்லின் சுடர் ஓரிடத்தில் நிற்பது சில நொடிகள்தான், அதிகம் போனால் கால் நிமிடம். அந்த நேரத்தில் எரித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். வேகம் அதிகம், தங்கும் நேரம் குறைவு. இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காற்று, ராக்கி மலைத்தொடரைத் தாண்டி கிழக்குச் சரிவில் இறங்கும் மேற்குக் காற்று. குளிர்காலத்தில் அந்தப் பகுதிக்குப் பழக்கமானதுதான். அன்று மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிய வீச்சுகள் பதிவாயின. நெடுஞ்சாலை 93-ம் 72-ம் சந்திக்கும் இடத்தில் 185 கிலோமீட்டர். சூறாவளியின் வேகம் இது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ஓயவும் இல்லை, இருட்டும்வரை அடித்துக்கொண்டே இருந்தது.

பலத்த காற்று வரும் என்ற எச்சரிக்கையை வானிலைத் துறை முன்னதாகவே கொடுத்திருந்தது. தீ அபாயத்துக்கான 'செங்கொடி எச்சரிக்கை' மட்டும் கொடுக்கப்படவில்லை. அதற்குக் காற்றின் ஈரப்பதம் ஒரு அளவுக்குக் கீழே போக வேண்டும். அன்றைய கணிப்பில் அது அந்த அளவைத் தொடவில்லை. விதிப்படி சரி. ஆனால் 160 கிலோமீட்டர் காற்றுக்கு முன்னால் ஈரப்பதத்தில் ஐந்து சதவீதம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? இப்படியொரு நாளை எடைபோட அந்த அளவுகோல் போதவில்லை.

முதல் ஒரு மணி நேரம்

அன்று காலையிலேயே போல்டருக்கு வடக்கே மிடில் ஃபோர்க் என்ற இடத்தில் ஒரு புல் தீ கிளம்பி, வீரர்கள் அதைச் சீக்கிரமே மடக்கிவிட்டார்கள். மார்ஷலில் இருந்து அழைப்பு வந்தபோது முதலில் மின்கம்பி அறுந்து கிடப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அது தொலைத்தொடர்புக் கம்பி. அதற்குள் பக்கத்து நிலத்தில் கிளம்பிய தீ சாலையைத் தாண்டி கிழக்கே ஓடத் தொடங்கியிருந்தது.

புல் தீயை அடக்க எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே முறைதான். தீ ஏற்கெனவே எரித்துவிட்டுப் போன கருகிய பகுதியில் காலூன்றி, பின்புறத்திலிருந்து தொடங்கி, பக்கவாட்டில் அணைத்துக்கொண்டே முன்னேறி, கடைசியில் தலையை, அதாவது தீ முன்னேறும் முனையை, நெருக்கிப் பிடிப்பது. தலைக்கு நேர் எதிரே போய் நிற்பது உயிருக்கு ஆபத்து. அன்று பக்கவாட்டில் ஓடியும் தலையை எட்ட முடியவில்லை. வண்டி ஒரு வேலியைச் சுற்றி வருவதற்குள் தீ அடுத்த மேட்டைத் தாண்டிவிட்டது. வானிலிருந்து தண்ணீரோ மருந்தோ கொட்ட வழியே இல்லை. அந்தக் காற்றில் விமானங்களால் பறக்க முடியாது, பறந்து கொட்டினாலும் இலக்கில் விழாது.

ஒரு மணி நேரத்துக்குள் தீ சுப்பீரியரை எட்டியது. போல்டரையும் டென்வரையும் இணைக்கும் அகலமான நெடுஞ்சாலை 36 ஒரு தடுப்பாக இருக்கும் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. தணல் துண்டுகள் பறந்து அப்பால் விழுந்து, லூயிஸ்வில் பக்கமும் பற்றியது.

இந்தக் கட்டத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் எடுத்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். தீயை நிறுத்தும் முயற்சியைப் பின்னுக்குத் தள்ளி, ஆட்களை வெளியேற்றுவதை முன்னால் வைத்தார்கள். சுப்பீரியர் முழுவதும், பிறகு லூயிஸ்வில் முழுவதும் என்று 35,000 பேருக்கு மேல் சில மணி நேரத்தில் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. போலீசாரும் தீயணைப்பு வீரர்களும் புகைக்குள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். லூயிஸ்வில்லில் இருந்த அவிஸ்டா மருத்துவமனையிலிருந்து, தீவிர சிகிச்சையில் இருந்த பச்சிளங்குழந்தைகள் உட்பட எல்லா நோயாளிகளும் வெளியேற்றப்பட்டார்கள். கட்டடம் தப்பியது, சில வாரங்களில் மீண்டும் திறந்தார்கள்.

குறையும் இருந்தது. ஒரு பகுதியில் உள்ள எல்லாக் கைப்பேசிகளையும் ஒரே நேரத்தில் அலற வைக்கும் அவசர எச்சரிக்கை முறை அன்று பயன்படவில்லை. முன்பே பதிவு செய்துகொண்டவர்களுக்கும் தரைவழித் தொலைபேசிகளுக்கும்தான் செய்தி போனது. பலருக்குத் தகவல் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த புகைதான். அதையும் மீறி இறப்பு இரண்டோடு நின்றது என்றால், பகல் நேரமாக இருந்ததும், கதவைத் தட்டியவர்களும், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கிளப்பிய சாதாரண மக்களும்தான் காரணம்.

வேலி

இப்போது அந்தச் சில மீட்டர்களுக்கு வருவோம்.

புல்லின் சுடர் கால் நிமிடம்தான் நிற்கும் என்று சொன்னேன். அந்த நேரத்தில் ஒரு வீட்டின் சுவர் பற்றிக்கொள்வது கடினம். சுவரை ஒட்டி ஒன்றரை மீட்டர் வெறும் தரையோ சரளைக்கல்லோ இருந்தால் புல் தீ வந்து, தின்ன ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே அடங்கும். அமெரிக்க வனத்துறையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த ஜாக் கோஹன் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான்: வீடு எரியுமா எரியாதா என்பதைத் தீர்மானிப்பது, வீடும் அதை ஒட்டி முப்பது மீட்டருக்குள் இருப்பவையும். தூரத்தில் எழும் பெருஞ்சுடரைப் பார்த்து மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது.

சுப்பீரியரிலும் லூயிஸ்வில்லிலும் புல்வெளிக்கும் வீட்டுக்கும் நடுவில் வெறும் தரை இல்லை. மரப்பலகை வேலி இருந்தது. திறந்த புல்வெளியின் ஓரமாக ஓடி, வீட்டுக்கு வீடு கிளை பிரிந்து, ஒவ்வொரு கிளையும் ஒரு வீட்டுச் சுவரில் போய் முடியும் வேலி. காய்ந்த பலகை, அடியில் காற்று கொண்டுவந்து குவித்த சருகு, பக்கத்தில் அழகுக்காகச் செடியடியில் பரப்பிய மரச்சீவல். புல்லில் நொடிக்கணக்கில் நின்ற தீக்கு இங்கே நிமிடக்கணக்கில் தங்க இடம் கிடைத்தது. வேலி விளக்குத்திரிபோல வேலை செய்து தீயைச் சுவர்வரை கொண்டுபோனது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் காற்று வீசும் இயந்திரத்தை வைத்து வேலிகளை எரித்துப் பார்த்து 2022இல் வெளியிட்ட சோதனை முடிவுகளும் இதையே காட்டின. அதிலும் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்காரர்கள் முதுகோடு முதுகாக எழுப்பும் இரட்டை வேலிதான் மிக மோசம். நடுவில் உள்ள இடுக்கில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சூடேற்றிக்கொண்டு எரியும்.

தணல்களின் வேலை தனி. அவை கூரைக்கு அடியில் இருக்கும் காற்றோட்டத் துளைகள் வழியே பரணுக்குள் போகும். கூரை ஓரத்து மழைநீர்த் தகரங்களில் தேங்கிய சருகில் விழும். கார் நிறுத்தும் அறையின் கதவுக்கு அடியில் உள்ள இடைவெளி வழியே உள்ளே நுழையும். வெளிச்சுவர் முழுசாக நிற்கும்போதே ஜன்னலுக்கு உள்ளே ஆரஞ்சு நிறம் தெரியும். அப்படி ஒரு வீட்டை வெளியிலிருந்து தண்ணீர் அடித்துக் காப்பாற்ற முடியாது.

முதல் வீடு பற்றிய நொடியிலிருந்து அது புல் தீ அல்ல. இதைத்தான் இந்த நிகழ்வைப் படிக்கிற ஒவ்வொருவரும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு வீடு மணிக்கணக்கில் எரியும். அதன் அனல் பக்கத்து வீட்டின் ஜன்னல் கண்ணாடியை உடைக்கும், சுவரின் மேல் பொருத்திய பிளாஸ்டிக் பலகையை உருக்கி வழிய விடும். இங்கே வீட்டுக்கு வீடு இடைவெளி பல தெருக்களில் சில மீட்டர்தான். அந்தக் காற்றில் சுடர் மேலே எழவில்லை, படுக்கை வாக்கில் நீண்டு பக்கத்துச் சுவரையே நேராகத் தொட்டது. எரியும் வீட்டிலிருந்து கிளம்பும் தணல்கள் புல்லின் தணல்களைவிடப் பெரியவை, நீண்ட நேரம் கனிபவை. சுப்பீரியரில் சாகமோர் என்ற குடியிருப்பு கிட்டத்தட்ட முழுவதுமாகப் போனது. அங்கே தீ வீட்டிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, புல்வெளி முக்கால்வாசி எரிந்து ஓய்ந்திருந்தது.

எந்த வீட்டை விடுவது

ஒரு நகர்ப்புறத் தீயணைப்பு வண்டியின் தொட்டியில் பொதுவாகச் சுமார் 1,900 லிட்டர் தண்ணீர் இருக்கும். வீட்டுத் தீயில் பயன்படுத்தும் ஒரு ஹோஸ் நிமிடத்துக்குச் சுமார் 570 லிட்டர் தள்ளும். மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான் கணக்கு. அதற்குள் ஹைட்ரண்டில் (தெருவோரத் தீயணைப்பு நீர்க்குழாயில்) இணைத்தாக வேண்டும். சாதாரண நாளில் ஒரே ஒரு வீடு எரிந்தால் அதற்கு மூன்று நான்கு வண்டிகள், பதினைந்து இருபது பேர் வருவார்கள். அன்று ஒரே தெருவில் பத்து வீடுகள் எரிகின்றன, அங்கே நிற்பது ஒரு வண்டி.

அப்போது ஒரு குழுத் தலைவர் செய்ய வேண்டிய முதல் வேலை, எரியும் வீடுகளைக் கைவிடுவது. கேட்கக் கொடுமையாக இருக்கும். வாழ்நாள் முழுக்க 'எரியும் வீட்டுக்குள் போ' என்று பயிற்சி பெற்ற ஒருவர், எரியும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னும் எரியாத அடுத்த வீட்டுச் சுவரை நனைக்க வேண்டும். ஒரு வீடு முழுமையாகப் பற்றிய பிறகு அதில் கொட்டும் தண்ணீர் வீண். அதே தண்ணீர் அடுத்த வீட்டுச் சுவரில் பட்டால் அதற்குப் பின்னால் உள்ள ஒரு வரிசையே தப்பலாம்.

எந்த வீட்டில் நிற்பது என்பது அடுத்த கேள்வி. சங்கிலியை எங்கே அறுக்க முடியும் என்று பார்க்க வேண்டும். ஒரு பூங்கா, அகலமான தெரு, சற்றுத் தள்ளிக் கட்டிய மனை, செங்கல் சுவர், ஏதாவது ஒரு இடைவெளி. அங்கே போய் வண்டியை நிறுத்தி, வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு (முட்டுச்சந்தில் மூக்கை நுழைத்த வாக்கில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பது பாலபாடம்), வேலியைச் சுவரிலிருந்து அறுத்துத் தள்ளி, வாசல் நாற்காலி மெத்தைகளைத் தூக்கி எறிந்து, சுவரோரத்து மரச்சீவலைக் கிளறி நனைத்து, தணல் விழ விழ அணைத்துக்கொண்டே இருப்பது. இரம்பத்தால் இரண்டு பலகையை அறுக்க ஒரு நிமிடம் போதும். ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் செய்யாததை அந்த ஒரு நிமிடம் செய்யும். இந்த வேலையில் ஆளை அசத்தும் காட்சி எதுவும் கிடையாது. ஆனால் வீடுகள் தப்புவது பெரும்பாலும் இப்படித்தான்.

காற்று தண்ணீரையும் விடவில்லை. எதிர்க்காற்றில் பீய்ச்சிய நீர் திரும்பி வீரர்கள் மேலேயே அடித்தது. காற்று வாக்கில் பீய்ச்சினால் சாரலாகச் சிதறிப் போனது. மாநிலத் தீத்தடுப்புத் துறை, களத்தில் இருந்தவர்களிடம் கேட்டுத் தொகுத்து 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ரேடியோ அலைவரிசைகள் நெரிசலில் திணறியது, பல துறைகளிலிருந்து வந்த குழுக்கள் தாங்களாகவே முடிவெடுத்து வேலை செய்ய வேண்டி வந்தது போன்றவை பதிவாகியிருக்கின்றன. பணியில் ஒரு தீயணைப்பு வீரர்கூட உயிரிழக்கவில்லை. அந்த நிலைமையை யோசித்தால் அது சாதாரண விஷயம் அல்ல.

தண்ணீர்

இந்த நிகழ்வில் குறைவாகப் பேசப்படுகிறவர்கள் குடிநீர்த் துறை ஊழியர்கள். எரிந்து விழும் ஒவ்வொரு வீட்டிலும் குழாய் உடைகிறது. உடைந்த குழாய் வழியே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், அடைக்க வேண்டிய வால்வோ சூடான இடிபாட்டுக்குள் கிடக்கும். ஒரு வீட்டில் போவது சிறிய அளவு. நூற்றுக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் போனால் ஊர் முழுக்க அழுத்தம் சரிந்து, ஹைட்ரண்டில் காற்றுதான் வரும். மின்சாரமும் போய்விட்டது.

லூயிஸ்வில் ஊழியர்கள் புகைக்கு நடுவே வேலை செய்தார்கள். அழுத்தம் மேலும் விழுந்தபோது, சுத்திகரிக்காத ஏரித் தண்ணீரை நேரடியாகக் குடிநீர்க் குழாய்களுக்குள் திறந்துவிட்டார்கள். குடிநீர்த் துறையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முடிவு என்று தெரியும். பிறகு பல நாள் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்ல வேண்டும், குழாய்களை முழுவதும் அலசி விட வேண்டும், சோதிக்க வேண்டும். ஆனால் அந்த முடிவால் ஹைட்ரண்டுகள் உயிரோடு இருந்தன. அப்படித் தப்பி நின்ற தெருக்களின் கணக்கு எந்தப் பட்டியலிலும் வராது. தீக்குப் பிறகு சில இடங்களில் குழாய் நீரில் பென்சீன் போன்ற வேதிப்பொருட்கள் கலந்திருந்ததும் தெரிய வந்தது. அழுத்தம் இழந்த குழாய்கள் எரியும் வீடுகளின் புகையையும் கழிவையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஹைட்ரண்டில் அழுத்தம் காப்பது தீயணைப்புக்கு மட்டும் இல்லை, குடிநீருக்கும்தான்.

எரிவாயுவும் சேர்ந்துகொண்டது. உடைந்த இணைப்புகளில் வாயு கசிந்து எரிந்ததால், மின்சாரமும் எரிவாயுவும் வழங்கும் எக்செல் எனர்ஜி நிறுவனம் சுமார் 13,000 வாடிக்கையாளர்களுக்கு வாயுவை நிறுத்தியது. கடும் குளிரில் வெப்பமூட்டி இல்லாத வீடுகள், உறையும் குழாய்கள் என்று அது வேறொரு நெருக்கடியாகத் தொடர்ந்தது.

இரவில் காற்று தணிந்த பிறகுதான் வீரர்களின் கை ஓங்கியது. ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், நீர் போக வேண்டிய இடத்துக்குப் போனது, தெருத்தெருவாகச் சங்கிலி அறுந்தது. மறுநாள் மாலையில் பனி கொட்டத் தொடங்கியது. ஒன்றரை நாள் முன்னால் வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

காரணமும் அதன் பிறகும்

போல்டர் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஷெரிஃப், அதாவது காவல் தலைவர், அலுவலகம் 2023 ஜூனில் விசாரணை முடிவை வெளியிட்டது. தீ இரண்டு இடங்களில் தொடங்கியிருக்கிறது. ஒன்று, ஆறு நாள் முன்பு ஒரு குடியிருப்பு நிலத்தில் கழிவுகளை எரித்து மண் போட்டு மூடிய இடம். உள்ளே கனிந்து கிடந்த தணலைக் காற்று கிளறிவிட்டது. மற்றொன்று மார்ஷல் மேசா நடைபாதையின் தொடக்கத்துக்கு அருகில். பெரும்பாலும் எக்செல் நிறுவனத்தின் பிடிப்பு விட்ட மின்கம்பியிலிருந்து விழுந்த சூடான துகள்களாக இருக்கலாம் என்றது அறிக்கை. அந்தப் பகுதியில் நிலத்தடி நிலக்கரி படிவுகள் பல்லாண்டுகளாகப் புகைந்துகொண்டிருக்கின்றன, அந்தச் சாத்தியத்தையும் முழுக்க ஒதுக்க முடியவில்லை என்றும் சொன்னது. யார் மீதும் குற்றவழக்கு இல்லை. எக்செல் தன் கருவிகள் காரணம் என்பதை ஏற்கவில்லை. 2025இல் தவறை ஒப்புக்கொள்ளாமலே இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வந்தது.

மண் போட்டு மூடிய தீ அணைந்த தீ அல்ல. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் குளிர்ந்த பிறகுதான் விட வேண்டும். ஆறு நாள் கழித்தும் அது எழுந்து வந்தது.

விதிகளிலும் மாற்றம் வந்தது. அதுவரை போல்டர் கவுண்டியில் தீத்தாங்கும் கட்டட விதிகள் மேற்கே மலைக்காட்டுப் பகுதிக்குத்தான் கடுமையாக இருந்தன. கிழக்கே உள்ள புல்வெளிச் சமவெளியை யாரும் தீ அபாயப் பகுதியாக நினைக்கவில்லை. 2022இல் அந்த எல்லையைக் கிழக்கே நீட்டினார்கள். 2023இல் மாநிலச் சட்டமன்றம் தீத்தாங்கும் விதிகளுக்கென்று ஒரு வாரியம் அமைத்தது, வாரியம் 2025இல் ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டது. பற்றாத கூரை, தணல் புகாத காற்றோட்ட வலை, வீட்டைச் சுற்றி எரியும் பொருள் இல்லாத ஒரு பட்டை ஆகியவைதான் இத்தகைய விதிகளின் அடிப்படை.

அந்த விதிகளின் பிடி புதிதாகக் கட்டுகிறவர்கள் மேலும் பெரிய மாற்றம் செய்கிறவர்கள் மேலும்தான். அன்று எரியாமல் தப்பிய பழைய வீடுகளை யாரும் வந்து மாற்றச் சொல்லப்போவதில்லை. அவற்றின் வேலி சுவரைத் தொடும் கடைசி இரண்டு மீட்டரை மட்டும் கழற்றி, அங்கே ஓர் இரும்புக் கதவோ கல்லோ வைத்துவிட்டால், அடுத்த முறை அந்தத் தெருவுக்கு வரும் வண்டிக்காரர்கள் இரம்பத்தை எடுக்காமல் நேராக ஹோஸைப் பிரிக்கலாம்.